பாத்திரத்தில் ஒளிந்திருந்த நோய்

குழந்தைகளே, உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? எங்கள் காரைக்காலில் பழைய வீட்டுப் பரண்களில் இன்றைக்கும் பித்தளைத் தவலை, அண்டா, குண்டான், கூஜா என்று ஏதாவது கிடக்கும். பாட்டிக்குக் கல்யாணத்தில் வந்த சீர்ப் பாத்திரங்கள் அவை. பெரும்பாலும் கும்பகோணத்தில் வாங்கியதாக இருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் வெளிப்பக்கம் பொன்னாக மின்னும். உள்பக்கம் மட்டும் வெள்ளை வெளேர் என்று, வெள்ளி பூசியதுபோல இருக்கும். சில பாத்திரங்களில் அந்த வெள்ளை தேய்ந்துபோய் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

அந்த வெள்ளைப் பூச்சு அழகுக்காகப் போட்டது இல்லை. அதற்கும் குழந்தைகளின் உயிருக்கும் பெரிய சம்பந்தம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மருத்துவர்களுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன!

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வருஷத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ ஈயம் பூசுகிறவர் வருவார். மரத்தடியில் தரையைத் தோண்டி அடுப்பு அமைப்பார். தோல் துருத்தியை அழுத்த அழுத்தக் கரி கனன்று சிவக்கும். பாத்திரத்தைச் சூடாக்கி, உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை கிளம்பும். எங்களுக்கெல்லாம் இருமல் வரும், ஆனாலும் நகர மாட்டோம்! பிறகு வெள்ளீயத் துண்டை உள்பக்கம் வைத்துத் தேய்ப்பார். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உருகியதைத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தால், மந்திரம் போட்டதுபோலப் பாத்திரத்தின் உட்புறம் பளபளவென்று வெள்ளையாகிவிடும். அந்தக் காட்சிக்காக நான் வீட்டுக் கணக்கைப் போடாமல் அடி வாங்கியிருக்கிறேன்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஈயம் பூசாத பித்தளையில் மோரோ புளிக்குழம்போ வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறும், உணவு கெட்டுவிடும். நம் பாட்டிமார் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் ரசத்துக்கு ஈயச் சொம்பு, குழம்புக்குக் கற்சட்டி என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். ஆனால் பால்? பால் புளிப்பு இல்லையே! அதில் களிம்பு தெரியாது, நிறம் மாறாது, குடித்தாலும் நாக்கில் வித்தியாசம் தெரியாது. ஆகவே பாலைப் பித்தளைச் செம்பில் கறந்து, பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே மூடி வைப்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஈயப் பூச்சு தேய்ந்தபோதும், "பால்தானே!" என்று விட்டுவிட்டார்கள்.

இனி அந்த நோயைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் 'ஈரல் கட்டி' என்று ஒரு நோயின் பெயரைச் சொன்னாலே தாய்மார்கள் நடுங்குவார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று, நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு வரும். கொழுகொழுவென்று இருந்த குழந்தை சிணுங்க ஆரம்பிக்கும், சரியாகச் சாப்பிடாது. வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். தொட்டுப் பார்த்தால் வலது விலாவுக்குக் கீழே கல்லைப்போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் கல்லீரல். பிறகு கண் மஞ்சளாகும், கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். சில மாதங்களுக்குள் குழந்தை போய்விடும். ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகளுக்கும் வந்ததுண்டு.

என் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றவர். அதில் இரண்டு குழந்தைகள் 'ஈரல் கட்டி' வந்து போய்விட்டன என்பார். அது இந்த நோய்தானா என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டியைத்தான் அக்கம்பக்கத்தார் குறை சொன்னார்களாம். "உன் பாலில்தான் ஏதோ கோளாறு, பசும்பால் கொடு" என்றார்களாம். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இந்த நோயைப் பற்றி 1887-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். இந்தியக் குழந்தைகளிடம் அதிகம் காணப்பட்டதால் 'இந்தியக் குழந்தைகளின் கல்லீரல் இறுக்கநோய்' என்ற பொருளில் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். இறுக்கநோய் என்றால் என்ன தெரியுமா? நல்ல ஈரல் பஞ்சுபோல மெத்தென்று இருக்கும். அதன் செல்கள் செத்துச் செத்து, அந்த இடமெல்லாம் ஆறிய புண்ணின் தழும்புபோல இறுகிவிட்டால் ஈரலால் வேலை செய்ய முடியாது. சென்னையின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் எஸ்.டி. ஆச்சார் தம் சக மருத்துவர்களுடன் சேர்ந்து 1960-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மருந்துகளுக்கும் பஞ்சமில்லை. சென்னையில் தயாரான 'ஜம்மி லிவர் க்யூர்' என்ற பெயர் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்திருந்தது. குழந்தையின் ஈரலுக்கென்றே ஒரு மருந்து அவ்வளவு புகழ் பெற்றது என்றால் அந்தப் பயம் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

எதனால் வருகிறது என்பதுதான் புரியவில்லை. கிருமியா, சத்துக் குறைவா, கெட்டுப்போன வேர்க்கடலையில் வளரும் பூஞ்சையின் நஞ்சா, பரம்பரையா? ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள்.

துப்பு கிடைத்தது 1970-களின் கடைசியில். நோயுற்ற குழந்தைகளின் ஈரலிலிருந்து எடுத்த துணுக்குகளை ஒரு வகைச் சாயத்தில் தோய்த்து, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்களுக்குள் பழுப்புப் பழுப்பாகத் துகள்கள் தெரிந்தன. செம்பு தேங்கியிருந்தால்தான் அந்தச் சாயம் அப்படிப் பிடிக்கும். அளந்தும் பார்த்தார்கள். உலர்த்திய ஈரல் ஒரு கிராமில் சாதாரணமாக 50 மைக்ரோகிராமுக்கும் குறைவாகத்தான் செம்பு இருக்கும். இந்தக் குழந்தைகளிடம் அது 800-ஐயும் தாண்டியிருந்தது!

இவ்வளவு செம்பு ஒரு சின்னக் குழந்தையின் ஈரலுக்குள் எப்படிப் போனது?

இங்கிலாந்து மருத்துவர் ஸ்டூவர்ட் டானரும், புனே நகரின் கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த ஷீலா பவே, ஆனந்த் பண்டிட் ஆகிய மருத்துவர்களும் சேர்ந்து இந்தக் கேள்வியைத் துரத்தினார்கள். அவர்கள் செய்த வேலை நீங்கள்கூடச் செய்யக்கூடியதுதான். தாய்மார்களிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். குழந்தைக்கு எத்தனையாவது மாதத்தில் மாட்டுப் பால் கொடுக்க ஆரம்பித்தீர்கள்? எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினீர்கள்? எதில் ஊற்றி வைத்தீர்கள்? நோய் வந்த குழந்தையின் வீட்டில் மட்டும் கேட்டால் போதாது. அதே வயதில் நன்றாக இருக்கும் குழந்தையின் வீட்டிலும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது உண்மை பளிச்சென்று தெரிந்தது. நோய் வந்த குழந்தைகள் தாய்ப்பாலைச் சீக்கிரமே விட்டு, பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் வைத்த பாலைக் குடித்தவர்கள். 1983-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள்.

பாட்டியிடம் அக்கம்பக்கத்தார் சொன்னது நினைவிருக்கிறதா? தாய்ப்பாலில் செம்பு மிகக் குறைவு. அதுதான் குழந்தைக்குப் பத்திரமான உணவாக இருந்திருக்கிறது.

தண்ணீரைப் பித்தளையில் வைத்தால் அவ்வளவு செம்பு கரைவதில்லை. பால் மட்டும் ஏன் வாரிக்கொள்கிறது? பாலில் 'கேசின்' என்ற புரதம் இருக்கிறது. தயிராகத் திரள்வது அதுதான். அந்தக் கேசின் செம்பைப் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். பாலைக் காய்ச்சி, மணிக்கணக்கில் அதே பாத்திரத்தில் விட்டுவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு சேர்ந்துகொண்டே போகும்.

அதே பாலைத்தான் அப்பாவும் காபியில் ஊற்றிக் குடித்தார், அவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! நம் உடம்புக்குச் செம்பு கொஞ்சம் தேவை. மிச்சமாகும் செம்பைக் கல்லீரல் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பி வெளியேற்றிவிடும். பிறந்த குழந்தைக்கு இந்த வேலை இன்னும் சரியாகப் பழகியிருக்காது. அம்மா வயிற்றில் இருக்கும்போதே ஈரலில் கொஞ்சம் செம்பைச் சேர்த்துக்கொண்டுதான் அது பிறக்கிறது. அதோடு கைக்குழந்தைக்குப் பால்தான் சாப்பாடு, அதைத் தவிர வேறு கிடையாது. வரவு மட்டும் இருந்து செலவே இல்லாத உண்டியல் மாதிரி ஈரல் நிரம்பிக்கொண்டே போகும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பித்தளையில் பால் குடித்த எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் வந்துவிடவில்லை. பித்தளையே புழங்காத சில வீடுகளிலும் வந்திருக்கிறது. எனவே பிறவியிலேயே சில குழந்தைகளின் ஈரல் செம்பைத் தாங்க முடியாததாக இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் நினைக்கிறார்கள்.

இது இந்தியாவில் மட்டும் நடந்ததா? இல்லை. ஐரோப்பாவில், ஆஸ்திரியா நாட்டின் மேற்குப் பகுதியில் டைரோல் என்ற மலைப் பிரதேசம் இருக்கிறது. அங்கே ஒரு சிறு பகுதியில் மட்டும் 1900-க்கும் 1974-க்கும் இடையே 138 சிறு குழந்தைகள் இதே மாதிரி ஈரல் நோயால் இறந்திருக்கிறார்கள். அங்கும் செம்புப் பாத்திரத்தில் பால் காய்ச்சும் வழக்கம் இருந்தது. பாத்திரம் மாறியது, நோயும் மறைந்தது. 1996-இல்தான் இந்தக் கணக்கு உலகத்துக்குத் தெரிந்தது.

நம் நாட்டில் பாத்திரம் மாறிய கதை வேடிக்கையானது. "பழைய பித்தளைக்கு எவர்சில்வர்!" என்று தெருவில் கூவிக்கொண்டு வியாபாரி வருவார். அம்மாக்கள் பரணிலிருந்து குண்டானையும் செம்பையும் இறக்கிக் கொடுத்துவிட்டு, எவர்சில்வர் தூக்கும் டம்ளரும் வாங்கிக்கொள்வார்கள். எடையில் ஏமாற்றிவிட்டான் என்று பிறகு ஒரு வாரம் புலம்புவார்கள். எவர்சில்வரிலிருந்து பாலுக்குள் செம்பு இறங்காது. இன்னொரு பக்கம், புனே மாவட்டத்தில் மருத்துவர்கள் கிராமம் கிராமமாகப் போய், குழந்தைக்குப் பித்தளையில் பால் வைக்காதீர்கள் என்று எடுத்துச் சொன்னார்கள். 1990-களுக்குள் இந்த நோய் இந்தியாவில் மிகவும் அரிதாகிவிட்டது. இன்று பல இளம் மருத்துவர்கள் இதைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். அந்த எவர்சில்வர் வியாபாரிக்கு, தாம் எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றினோம் என்பது தெரிந்தே இருக்காது!

சரி, அதற்குள் நோய் வந்துவிட்ட குழந்தைகள் என்ன ஆனார்கள்? அவர்களுக்குக் கைகொடுத்தது 'பெனிசிலமின்' என்ற மருந்து. பெனிசிலின் மருந்து சிதையும்போது உண்டாகும் பொருள் இது. உடம்பில் இருக்கும் செம்பைப் பற்றி இழுத்துக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியேறிவிடும். ஜான் வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர் 1956-இல் வேறொரு செம்பு நோய்க்கு இது பயன்படும் என்று காட்டினார். அதையே புனேயில் இந்தக் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். ஒரு வேளை, இரண்டு வேளை அல்ல. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. ஈரல் முற்றிலும் இறுகிப்போன பிறகு வந்த குழந்தைகளை மருந்தாலும் காப்பாற்ற முடியவில்லை. ஆரம்பத்திலேயே வந்தவர்களில் பலர் பிழைத்தார்கள். அவர்களுக்குக் குணமானதும் மருந்தை நிறுத்திவிட்டார்கள். நோய் திரும்பி வரவேயில்லை. வீட்டில் அந்தப் பாத்திரம் இல்லை, பிறகு எப்படி வரும்?

வால்ஷ் முதலில் மருந்து கொடுத்த அந்த 'வேறொரு நோய்' மட்டும் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதன் பெயர் வில்சன் நோய். 1912-இல் லண்டனில் வில்சன் என்ற மருத்துவர் இதை விவரித்ததால் இந்தப் பெயர். இதில் குற்றம் பாத்திரத்தின் மேல் இல்லை. செம்பை வெளியேற்றும் வேலையைச் செய்யும் மரபணுவே பழுதாகப் பிறந்திருக்கும். எந்தப் பாத்திரத்தில் சாப்பிட்டாலும், சாதாரண உணவில் இருக்கும் செம்பே உள்ளே தேங்கும். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பருவத்தில்தான், அதாவது உங்கள் வயதில்தான், ஈரலில் கோளாறாக வெளியே தெரியும். சிலருக்குக் கருவிழியைச் சுற்றிப் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் தோன்றும். மருந்து உண்டு. ஆனால் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் ஈரல் திடீரென்று செயலிழந்துவிடலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் வகுப்பில் படித்த ஒரு பையனிடம் தெரிந்துகொண்டேன். 2003-ஆம் ஆண்டு. கடலோரக் கிராமத்துப் பையன், ஆறாம் வகுப்பு. கால் வீங்கி, கண் மஞ்சளாகி, இரண்டு மாதம் பள்ளிக்கு வரவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வில்சன் நோய் என்று கண்டுபிடித்து, மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த மருந்தை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லையென்றால் இரண்டு மணி நேரம் பின்னால். உணவோடு போனால் சரியாக வேலை செய்யாது. எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. ஆகவே அவனுக்குப் பதினொன்றரைக்கு மருந்து.

ஒரு நாள் கணக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து நின்று, "டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" என்றான். "எழுதி முடிச்சிட்டுப் போ!" என்று அதட்டினேன். உட்கார்ந்துவிட்டான். மருந்து என்று அவன் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் முன்னால் சொல்ல வெட்கம். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு மட்டும் தவறியிருந்தால் பரவாயில்லை. அதன் பிறகு அவன் என்னிடம் கேட்கவே இல்லை. மூன்று வாரம் கழித்து அவன் அம்மா மாத்திரை டப்பாவோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். எண்ணிப் பார்த்தால் பகல் மருந்து அப்படியே இருந்தது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்குன்னு கேக்குறான் டீச்சர்" என்று அழுதார். மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்போதுதான் நான் அவர் வாயால் கேட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வகுப்பில் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை. பதினொன்றரைக்கு எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். நாற்பது பேரும் எழுந்து போகும்போது ஒருவன் மாத்திரை போடுவது யார் கண்ணிலும் படாது அல்லவா? முதல் வாரம் ஒரே இரைச்சல், தண்ணீர்ப் பானை ஒன்று உடைந்தது. தலைமையாசிரியர் முகம் சுளித்தார். அப்புறம் எல்லாருக்கும் பழகிவிட்டது. நான் மறந்தாலும், முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "டீச்சர், தண்ணி மணி!" என்று கத்திவிடுவாள்.

அவனுக்கு மருந்தைவிடப் பெரிய கஷ்டம் நண்டு. நண்டிலும் சிப்பியிலும் செம்பு அதிகம், ஈரலிலும் அப்படித்தான். இதெல்லாம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடற்கரைப் பையனுக்கு நண்டு கூடாது என்றால் எப்படி! தெருவெல்லாம் நண்டுக் குழம்பு மணக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன் என்று என்னிடம் சொல்வான்.

இப்போது மறுபடியும் செம்புக்கு மவுசு வந்திருக்கிறது. கடைகளில் செம்புத் தண்ணீர் பாட்டில் விற்கிறார்கள், பள்ளிக்கும் சிலர் கொண்டுபோகிறார்கள். வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. அதில் எலுமிச்சைச் சாறு, மோர், பால் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். வில்சன் நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பாட்டிலே கூடாது. வீட்டில் தம்பிப் பாப்பாவோ தங்கைப் பாப்பாவோ இருந்து, யாராவது ஆசையாகப் பழைய பித்தளைச் செம்பில் அதற்குப் பால் வைத்தால், இந்தக் கதையை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

போன வருஷம் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். "டீச்சர்!" என்று ஒரு குரல். அவன்தான்! மீசை வைத்த பெரிய ஆளாக, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்று நண்டு எடை போட்டுக்கொண்டிருந்தான். "நல்ல நண்டு டீச்சர், வாங்கிட்டுப் போங்க. நான்தான் தின்னக் கூடாது, விக்கலாம்ல!" என்று சிரித்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் சட்டைப் பையில் கைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்து, "தண்ணி மணி டீச்சர்" என்றான். பெட்டிக்குப் பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான். சாதாரண பிளாஸ்டிக் பாட்டில்தான்.